வயிற்றில் அடிப்பது

போன மாதம் மலேசியாவின் தஞ்சோங் மாலிமில் ஒரு கருமாதிக்குப் போயிருந்தேன். இறந்தவர், ரப்பர்த் தோட்டத்தில் எங்களுக்கு அடுத்த லயத்து வரிசை வீட்டுக்காரர். தோட்டம் கைமாறி, ரப்பர் போய்ச் செம்பனை வந்து, நாங்களெல்லாம் டவுனைச் சுற்றியுள்ள தாமான் குடியிருப்புகளில் சிதறி ரொம்ப நாளாகிவிட்டது. ஆனாலும் சாவு வீடு என்றால் பழைய லயத்து வரிசைப்படியே பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறோம். இலை போட்டுச் சோறு வைத்து, சாம்பார் ஊற்றிக்கொண்டு வந்தபோது எதிர்வரிசையில் பேச்சு ஒரு பையன் பக்கம் திரும்பியது. எங்கள் தோட்டத்துப் பிள்ளைதான். இரண்டாவது முறையாக ஜெயிலுக்குப் போயிருக்கிறான். இந்த முறை சங்கிலி அறுப்பு. சங்கிலியைப் பறிகொடுத்துக் கீழே விழுந்த ஒரு அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்து, இன்னும் நடக்க முடியவில்லை.

"மூணு வேளை சோறு போட்டு, படுக்க இடமும் கொடுத்தா எப்படிப் பயம் வரும்?" என்று ஆரம்பித்தார் ஒருவர். அமெரிக்க ஜெயில்களில் அடங்காதவனுக்குச் சோறு கொடுக்காமல் ஒரு கட்டியைக் கொடுப்பதாகக் காணொளியில் பார்த்தேன் என்றார் இன்னொருவர். எல்லாவற்றையும் அரைத்து, வேகவைத்து, மூன்று வேளையும் அதேதான். நாயும் மோந்து பார்க்காதாம். "அதை இங்கயும் கொண்டு வரணும். ஒரு வாரத்துல திருந்திடுவானுங்க." இலையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் தலையாட்டினார்கள். பரிமாறுகிற பையன் ரசம் கொண்டுவந்தான். எனக்குப் பக்கத்தில் இருந்தவர் இரண்டாவது முறை சோறு கேட்டு வாங்கிக்கொண்டார்.

நான் வாயைத் திறக்கவில்லை. இருபத்தைந்து வருடம் வகுப்பில் நின்று பேசியவள், அன்றைக்கு எனக்குப் பேச்சு வரவில்லை. அவர்கள் சொன்னது தவறு என்று உள்ளுக்குள் தெரிந்தது. ஆனால் அதையேதான் ஒரு காலத்தில் நானும் செய்திருக்கிறேன் என்பதும் கூடவே நினைவுக்கு வந்தது. அன்று பின்கட்டில் இன்னொன்றும் நடந்தது, அதை அப்புறம் சொல்கிறேன். ஒரு மாதமாக இது எனக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. எழுதித்தான் தீர வேண்டும் போலிருக்கிறது.

அந்தக் கட்டியின் கதை

அமெரிக்காவில் அதற்கு நியூட்ராலோஃப் என்று பெயர். ரொட்டி, பீன்ஸ், காய்கறி என்று கையில் கிடைத்ததையெல்லாம் ஒன்றாகப் பிசைந்து சுட்டு, தட்டோ கரண்டியோ இல்லாமல் காகிதத்தில் வைத்துக் கொடுப்பார்கள். சாப்பாட்டையோ தட்டையோ காவலர் மீது எறிந்தவன், மலத்தை வீசியவன் போன்ற கைதிகளுக்குத்தான் முக்கியமாக இது. சத்தெல்லாம் அளந்து போட்டிருக்கிறோம், எதுவும் குறையவில்லை, ஆகவே இது தண்டனையே அல்ல என்பது நிர்வாகங்களின் வாதம். இதற்கு முன்னோடி ஒன்று ஆர்கன்சாஸ் மாநிலச் சிறைகளில் இருந்தது. இறைச்சி, உருளைக்கிழங்கு, முட்டை, சர்க்கரைப் பாகு, காய்கறி எல்லாவற்றையும் மசித்துத் தட்டில் சுட்டு, நாலு அங்குலச் சதுரமாக வெட்டிக் கொடுத்தார்கள். தனியறையில் இருந்தவர்களுக்கு நாளொன்றுக்கு 1000 கலோரிக்கும் குறைவு. வளர்ந்த ஆணுக்குச் சராசரியாக 2700 வேண்டும். 1978இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இந்த வழக்கில் சொன்னது எனக்கு முக்கியமாகப் படுகிறது: அழுக்கு அறையும் இந்தக் கட்டியும் சில நாளுக்குத் தாங்கக்கூடியதாக இருக்கலாம், வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் நீண்டால் அது கொடுமை.

2009இல் வெர்மான்ட் மாநில உச்ச நீதிமன்றம் இன்னும் நேரடியாகப் பேசியது. இதைக் கொடுப்பது தண்டனைதான், ஆகவே கைதியை முறைப்படி விசாரிக்காமல் கொடுக்கக் கூடாது என்றது. 2012இல் மில்வாக்கி சிறை சம்பந்தமான மேல்முறையீடு ஒன்று. அந்தக் கட்டியைச் சாப்பிட்டு வாந்தியெடுத்து, 168 பவுண்டிலிருந்து 154 பவுண்டுக்கு இளைத்துப்போனவரின் வழக்கு அது. கீழ் நீதிமன்றம் தள்ளிவிட்டதை மேல் நீதிமன்றம் திருப்பி அனுப்பியது. நியூயார்க் மாநிலம் 2015இல் இதைக் கைவிட்டது. அமெரிக்கக் கடற்படையில் ரொட்டியும் தண்ணீரும் மட்டும் கொடுத்து அடைக்கும் பழைய தண்டனை இருந்ததே, அதுவும் 2019 ஜனவரியோடு போய்விட்டது. ஊரில் நம்மவர்கள் "கொண்டு வரணும்" என்று சொல்வதை, செய்து பார்த்தவர்களே ஒவ்வொன்றாகக் கைவிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

சத்து இருக்கிறதே, அப்புறம் என்ன என்ற கேள்வியை நான் லேசாகத் தள்ளவில்லை. எங்கள் பாட்டி சாகும்வரை மரவள்ளிக்கிழங்கைத் தொடவில்லை. ஜப்பான்காரன் காலத்தில் அவரையும் அவர் பிள்ளைகளையும் உயிரோடு வைத்திருந்ததே அந்தக் கிழங்குதான். காப்பாற்றியதை ஏன் வெறுக்க வேண்டும் என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். "அது சாப்பாடு இல்ல ஆயி, அது சாகாம இருக்கிறதுக்கு" என்பார். உயிரைப் பிடித்து வைப்பதற்கும் சாப்பாட்டுக்கும் உள்ள வித்தியாசம் அந்தத் தலைமுறைக்கு நாக்கிலேயே தெரிந்திருந்தது.

முகாம்

2011 டிசம்பர் பள்ளி விடுமுறையில் ஒரு தன்முனைப்பு முகாம் நடத்தினோம். கோயில் மண்டபத்தில் மூன்று நாள். சுற்று வட்டாரத் தோட்டங்களிலிருந்து அறுபது பிள்ளைகள். பொறுப்பாசிரியை நான்தான். விதிமுறைத் தாளை எழுதியதும் நான்தான். காலை 5.30க்கு எழுந்திருக்க வேண்டும், கைப்பேசி கூடாது, கெட்ட வார்த்தை கூடாது. ஆறாவதாக, சண்டை போடுபவர்களுக்கு அந்த வேளைச் சாப்பாடு கிடையாது என்று எழுதினேன். அடிக்கக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருந்தேன். பிரம்பை எடுக்காத ஆசிரியை என்பதில் எனக்குப் பெருமை உண்டு. அதனால்தான் அந்த ஆறாவது விதி எனக்கு மென்மையானதாகத் தோன்றியது. ஒரு வேளை பட்டினியில் யாரும் செத்துவிட மாட்டார்கள், சூடு சொரணை வரும் என்று நினைத்தேன்.

இரண்டாம் நாள் சாயங்காலம் இரண்டு பையன்கள் கட்டிப் புரண்டார்கள். பதின்மூன்று, பதினான்கு வயது இருக்கும். ஒருவனுக்கு உதடு கிழிந்துவிட்டது. விதி விதிதான் என்று இருவரையும் சாப்பாட்டு நேரத்தில் மண்டபத் தூணோரம் உட்கார வைத்தேன். மற்றவர்கள் வரிசையில் நின்று மங்கில் சோறு வாங்கினார்கள். அன்றைக்குக் கோழிக் குழம்பு. மணம் மண்டபம் பூராவும் நிறைந்திருந்தது. உதடு கிழிந்தவன் அழுதான், மன்னிப்புக் கேட்டான். அவனை ஒரு வழியாக ஏற்றுக்கொண்டு சாப்பிட அனுப்பினேன். இன்னொருவன் அழவில்லை. தலையைக் குனியவும் இல்லை. சாப்பிடுகிற பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டேன். இவன் இன்னும் பணியவில்லை என்று மனதில் குறித்துக்கொண்டேன்.

சமையலுக்கு வந்திருந்த அக்கா தோட்டத்தில் ரப்பர்ப் பால் வெட்டியவர், என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். பாத்திரம் கழுவும்போது என்னிடம் வந்து, "அந்தப் பையனுக்குக் கொஞ்சம் எடுத்து வைக்கட்டா டீச்சர்?" என்று கேட்டார். வேண்டாம், காலையில் பசியாறட்டும் என்றேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு சத்தம் உயர்த்தாமல் சொன்னார்: "சோறு நான் ஆக்கினது டீச்சர். அந்தப் பையனும் சாப்பிடுவான்னு நெனச்சுத்தான் அரிசி போட்டேன். நீங்க அதைப் பிரம்பாக்கிட்டீங்க."

எனக்குக் கோபம் வந்தது. முகாமின் கட்டுப்பாடு இவருக்கு எப்படித் தெரியும் என்று நினைத்தேன். மறுநாள் காலை இட்லியும் கோப்பியும் கொடுத்தோம். அந்தப் பையன் வரிசைக்கு வரவில்லை. நானே ஒரு தட்டில் எடுத்துப்போய் நீட்டினேன். "வேணாம் டீச்சர்" என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். மதியமும் வேண்டாம் என்றான். சிநேகிதன் ஒருவன் தன் தட்டிலிருந்து கொடுத்தபோது வாங்கிச் சாப்பிட்டதைத் தூரத்திலிருந்து பார்த்தேன். பசி இல்லாமல் இல்லை. என் கையிலிருந்துதான் வேண்டாம். முகாம் முடிந்து வீட்டுக்குப் போகும் வரை நாங்கள் கொடுத்த எதையும் அவன் தொடவில்லை. அடுத்த வருடம் அவன் வரவில்லை. அவன் தம்பியையும் அனுப்பவில்லை.

அதற்கு முன்பு நான் பிள்ளைகளைத் திட்டியிருக்கிறேன், முட்டிபோட வைத்திருக்கிறேன், பெற்றோரைக் கூப்பிட்டிருக்கிறேன். எல்லாம் ஒரு வாரத்தில் ஆறிவிடும். இது ஆறவில்லை. ஒருவனுக்குச் சோறு போடுகிறவர் அந்தச் சோற்றையே அவனுக்கு எதிராகத் திருப்பிவிட்டால், அப்புறம் போடுகிற ஒவ்வொரு வேளையும் சந்தேகத்துக்குரியதாகிவிடுகிறது. இன்றைக்குக் கொடுக்கிறார், அவர் சொன்னபடி நான் கேட்டதால் கொடுக்கிறார் என்ற எண்ணம் சோற்றோடு சேர்ந்து உள்ளே போகும். அந்தப் பையனுக்கு அன்றிரவு ஒரு வேளைச் சாப்பாடு போனது. எனக்கோ அவனிடம் எதையும் சொல்லித் திருத்துகிற தகுதியே போய்விட்டது. ஒழுங்கைக் கற்றுக்கொடுக்க வந்தவள், கற்றுக்கொடுக்கிற ஒரே வழியை நானே அடைத்துவிட்டேன். அது பதின்மூன்று வயதுப் பிள்ளை. முகாம் முடிந்ததும் அம்மாவிடம் போய்விட்டான். போவதற்கு வேறு இடமே இல்லாத கைதியிடம் இதையே செய்தால் என்னாகும் என்றுதான் கருமாதிப் பந்தியில் எனக்குத் தொண்டை அடைத்தது.

இந்த ஊருக்கே நடந்தது

எங்கள் ஊர்க்காரர்கள் இதை மறந்துவிட்டது எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. 1952 மார்ச் 25 அன்று தஞ்சோங் மாலிமுக்கு வெளியே, அறுபட்ட தண்ணீர்க் குழாயைப் பழுதுபார்க்கப் போனவர்கள் மீது கம்யூனிஸ்டுகள் பதுங்கித் தாக்கினார்கள். துணை மாவட்ட அதிகாரி மைக்கல் காட்னர் உட்படப் பன்னிரண்டு பேர் செத்தார்கள். இரண்டு நாளில், அப்போது மலாயாவை ஆண்ட பிரிட்டிஷ் ஹை கமிஷனர் டெம்ப்ளர் நேரில் வந்து ஊர்ப் பெரியவர்களைக் கூட்டி ஏசினார். ஊர் முழுவதற்கும் நாளுக்கு 22 மணி நேர ஊரடங்கு. கடை திறக்க இரண்டு மணி நேரம்தான். அத்தோடு அரிசிப் பங்கீட்டையும் வெட்டினார். ஏறக்குறைய இரண்டு வாரம் இது நீடித்தது. யார் தகவல் தெரிந்து மறைத்தார்கள், யார் தெரியாமலே இருந்தார்கள் என்ற வித்தியாசமெல்லாம் இல்லை. குழந்தைக்கும் அதே வெட்டுதான்.

தாத்தா அப்போது ரயில்வேயில் தண்டவாள வேலை. பாட்டி மூன்று பிள்ளைகளோடு ரயில்வே லயத்தில் இருந்தார். பால் டின்னால் அரிசி அளந்து, கஞ்சியாக்கி, அடியில் தங்கும் சோற்றைக் கடைசிப் பிள்ளைக்குக் கொடுத்ததாகச் சொல்வார். கம்யூனிஸ்ட் யார், வெள்ளைக்காரன் ஏன் கோபப்பட்டான் என்பதெல்லாம் பாட்டியின் கதையில் வராது. "நாங்க என்னய்யா செஞ்சோம்" என்பது மட்டும் வரும். பிற்பாடு தோட்டத்துக்குப் போனபோதும், கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரன் கொண்டுவந்த அவசரகாலம் முடியவில்லை. காட்டிலுள்ளவர்களுக்குச் சாப்பாடு போகக் கூடாது என்று, வெட்டுக்காட்டுக்குப் போகிறவர்களைக் கேட்டில் நிறுத்திச் சோதிப்பார்கள். கையில் சோறு கொண்டுபோகக் கூடாது. கடையில் டின் வாங்கினால் அங்கேயே ஓட்டை போட்டுத்தான் கொடுப்பார்கள், சேர்த்து வைக்க முடியாதபடி. விடியலுக்கு முன்னே போய் மத்தியானம் வரை பால் வெட்டுகிறவள் வெறும் வயிற்றோடு வெட்டுவாள். பாட்டி அடிக்கடி சொல்லும் பழமொழி ஒன்று, "முதுகுல அடிச்சாலும் அடி, வயித்துல அடிக்காதே." சின்ன வயதில் இதைச் சம்பளப் பிடித்தத்துக்குச் சொல்கிற வாசகம் என்று நினைத்திருந்தேன். பாட்டி அதை நேரடிப் பொருளிலேயே சொல்லியிருக்கிறார் என்பது இப்போதுதான் உறைக்கிறது.

டெம்ப்ளரின் நடவடிக்கைக்குப் பிறகு கைதுகள் நடந்தன என்பது உண்மை. பலன் கிடைத்ததே என்று இன்றைக்கும் வாதாடுகிறவர்கள் உண்டு. பிரிட்டனிலேயே கண்டித்தவர்களும் உண்டு. பலன் கிடைத்ததா என்பதற்குள் நான் போகவில்லை. என் பாட்டியின் பிள்ளைகள் அந்தக் கணக்கில் எந்தப் பக்கம் வருவார்கள் என்றுதான் கேட்கிறேன்.

தட்டு வாங்குகிற கை

மாமா ஜெயில் வார்டராக இருந்து ஓய்வு பெற்றவர். புருவத்தில் ஒரு தழும்பு இருக்கிறது, கைதி எறிந்த தட்டு பட்டது. கருமாதி முடிந்த இரண்டாவது நாள் அவரிடம்தான் போனேன். எறிந்தவனுக்கு அந்தக் கட்டியைக் கொடுக்கலாம் என்பார் என்று எதிர்பார்த்தேன். தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே, "எறியறவனுக்குத் தட்டு கொடுக்கக் கூடாது, சரி. நல்ல சோறு கொடுக்கக் கூடாதுன்னு யாரு சொன்னா? காகிதத்துல வச்சுக் கொடு. உருட்டிக் கொடு. பிசைஞ்சு சுட்டு நாசம் பண்ணணும்னு என்ன?" என்றார்.

அப்புறம் அவர் சொன்னதை நான் யோசித்ததே இல்லை. "தனியறையில இருக்கிறவன்கிட்ட ஒரு நாளைக்கு எத்தனை மனுசன் போவான் பாப்பா? சோறு கொண்டுபோறவன்தான். அந்த நேரத்துலதான் அவனைப் பார்ப்பேன். காய்ச்சலா, அழுதிருக்கானா, தன்னையே ஏதாச்சும் செஞ்சுக்குவானா, எல்லாம் தட்டு வாங்குற கையிலயே தெரிஞ்சுடும். அந்த நேரத்தையும் சண்டை ஆக்கிட்டா அவனை எப்பத்தான் பார்க்கிறது?" வார்டருக்குப் பாதுகாப்பு வேண்டும் என்பதற்காகத்தான் அந்தக் கட்டி என்கிறார்கள். முப்பது வருடம் உள்ளே நின்றவர், ஒழுங்கான சாப்பாடுதான் தன் பாதுகாப்பு என்கிறார்.

சட்டமும் மெதுவாக இந்தப் பக்கம்தான் வந்திருக்கிறது. 1957இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட சிறைவாசிகளுக்கான குறைந்தபட்ச விதிகள், மருத்துவர் பார்த்து எழுத்தில் சான்று கொடுத்தால் சாப்பாட்டைக் குறைத்துத் தண்டிக்கலாம் என்று இடம் விட்டிருந்தன. தண்டனைக்கு ஆள் தாங்குவானா என்று டாக்டர் கையெழுத்துப் போட வேண்டும்! 2015 டிசம்பரில் வந்த மண்டேலா விதிகள் அதை அடைத்துவிட்டன. தண்டனையாகச் சாப்பாட்டையோ குடிதண்ணீரையோ குறைக்கவே கூடாது என்கிறது 43ஆம் விதி. ஆனால் குறைக்கவில்லையே, அளவு சரியாக இருக்கிறதே என்று அந்தக் கட்டிக்காரர்கள் நுழைய அதில் ஒரு சந்து இருக்கிறது. 22ஆம் விதி அதற்குப் பதில் சொல்கிறது என்று நான் நினைக்கிறேன். வழக்கமான நேரத்தில், சத்தாக, நல்ல தரத்தில், நன்றாகச் சமைத்து, நன்றாகப் பரிமாறப்பட்ட உணவு என்கிறது அது. பரிமாறுவதைக்கூட எழுதிவைத்திருக்கிறார்கள். சமையலக்காவுக்கு இது தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

பிரம்படியே சட்டத்தில் இருக்கும் நாட்டில் சோற்றைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்கலாம். பிரம்படியும் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அதற்காவது நீதிமன்றம், தீர்ப்பு, எண்ணிக்கை, மருத்துவர் என்று ஒரு வரம்பு இருக்கிறது. சாப்பாட்டை ஆயுதமாக்கினால் யாரோ ஒரு மேலதிகாரியின் அன்றைய கோபமே தீர்ப்பாகிவிடும். அந்தத் தீர்ப்பு நாளுக்கு மூன்று முறை திரும்பத் திரும்ப வரும். இடுப்பு முறிந்த அந்த அம்மாவை நான் மறக்கவில்லை. மருத்துவமனையில் போய்ப் பார்த்தேன். இனி தனியாகக் குளிக்கக்கூட முடியாது. அந்தப் பையன் உள்ளேதான் இருக்க வேண்டும், நீதிபதி சொன்ன நாள் முழுவதும். அவனுடைய நாட்களையும் சுதந்திரத்தையும் எடுத்துக்கொள்ள அரசுக்கு உரிமை உண்டு. சோற்றின் ருசியில் கைவைத்தால் அந்த அம்மாவின் எலும்பு கூடிவிடாது.

பின்கட்டில் நடந்ததைச் சொல்கிறேன் என்றேன். பந்தி முடிந்து கை கழுவப் போனபோது, அந்தப் பையனின் அம்மா அங்கே அண்டா கழுவிக்கொண்டிருந்தார். முன்னால் பேசியது எல்லாம் தகரச் சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டிருக்கும். மாமாவும் கை கழுவ வந்தார். அவரைப் பார்த்ததும் அந்த அம்மா ஈரக் கையோடு எழுந்து, பக்கத்தில் இருந்த பொட்டலத்தை எடுத்தார். சோறு, பூசணிக்காய்க் கூட்டு, ஒரு வடை, எல்லாம் இலையில் கட்டி மேலே பேப்பர் சுற்றியிருந்தது. வெள்ளிக்கிழமை தாப்பா ஜெயிலுக்கு மகனைப் பார்க்கப் போவதாகவும் அதுவரை வீட்டுக் குளிர்பெட்டியில் வைத்திருந்து கொண்டுபோனால் கொடுக்க விடுவார்களா என்றும் கேட்டார்.

"வெளிச்சாப்பாடு உள்ளே போகாது அக்கா" என்றார் மாமா.

அந்த அம்மா பொட்டலத்தைக் கீழே வைக்கவில்லை. "சோறாச்சும் ஒழுங்கா போடுவாங்களா தம்பி?"

"போடுவாங்க. நேரத்துக்குப் போடுவாங்க."

"சூடா இருக்குமா?"

மாமா இதற்குக் கொஞ்சம் யோசித்தார். "அன்னன்னைக்கு ஆக்குறதுதான் அக்கா" என்றார். அந்த அம்மா தலையாட்டிவிட்டு, பொட்டலத்தை முந்தானையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, மறுபடி அண்டாவுக்கு முன்னால் உட்கார்ந்தார்.